பழைய காருக்கு ஈ.எப்.ஐ. மாற்றம்: ஹோஸையும் வயரையும் மறக்காதீர்கள்

அப்பா அம்மாவின் ஈ.பி.எப். காசிலோ, நகையை அடகு வைத்தோ பழைய கார் வாங்கி ஹயர் ஓடும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் அந்தக் கார்தான். "கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு ஈ.எப்.ஐ. வச்சா பெற்றோல் மிச்சம்" என்று கராஜில் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் அரைகுறையாக மாற்றினால் கார் தீப்பற்றும் ஆபத்து உண்டு.

மலைநாட்டில் என்ன வித்தியாசம்?

கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துவாரத்தின் அளவு மாறாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைய, பெற்றோலின் பங்கு கூடிவிடுகிறது. கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், வீண் செலவு எல்லாம் இதனால் வரலாம். ஈ.எப்.ஐ. முறையில் காற்றழுத்தத்தையும் சூட்டையும் சென்சர்கள் அளக்கும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்டி தேவையான பெற்றோலை மட்டும் தெளிக்க வைக்கும். ஆனாலும், மேலே காற்று குறைவென்பதால் குறையும் இழுவையை ஈ.எப்.ஐ. கூட முழுதாகத் திருப்பித் தராது.

முதல் ஆபத்து: ஹோஸ்

டயருக்கு 30 என்று காற்று அடிக்கிறோமே, அதே கணக்கில் பார்த்தால் கார்புரேட்டருக்குப் போகும் பெற்றோலின் அழுத்தம் 3 அல்லது 4தான். ஈ.எப்.ஐ.க்கோ 35 முதல் 45 வரை வேண்டும். பழைய ஹோஸும் பழைய கிளிப்பும் இதைத் தாங்காது. ஹோஸ் வெடித்தால் சூடான என்ஜின் மேல் பெற்றோல் பீச்சி அடிக்கும். எனவே ஈ.எப்.ஐ.க்கென்றே செய்த ஹோஸ், கிளிப், பில்டர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பெற்றோல் டாங்கியையும் கவனிக்க வேண்டும். உள்ளே தடுப்பு இல்லாவிட்டால், பெற்றோல் குறைவாக இருக்கும்போது வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சி கார் நின்றுபோகும்.

இரண்டாவது ஆபத்து: வயர்

சிலர் பெற்றோல் பம்பின் வயரை நேரே சாவி சுவிட்சில் கொடுத்துவிடுகிறார்கள். கார் ஓடும், உண்மைதான். ஆனால் விபத்தில் என்ஜின் நின்றாலும் சாவி போட்டபடி இருக்கும் வரை பம்ப் நிற்காது. உடைந்த குழாய் வழியாகப் பெற்றோல் கொட்டிக்கொண்டே இருக்கும். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி, கம்ப்யூட்டர் பெட்டி கட்டுப்படுத்தும் ரிலே வழியாகவே பம்புக்குக் கரண்ட் போக வேண்டும். அந்த வயருக்குத் தனி பியூஸும் வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றிய மூட்டு நம் மழைக்கும் பனிக்கும் தாங்காது. செம்பில் பச்சை பூத்துவிடும். சென்சர்களில் வருவது மிகச் சிறிய கரண்ட். மூட்டு கெட்டால் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தப்பான கணக்குப் போகும். ஆகவே மூட்டுகளை ஈயம் பற்றவைத்து, மேலே உறை போட்டு மூட வேண்டும். என்ஜினுக்கும் பொடிக்கும் எர்த் வயர் நல்ல தடிப்பாக இருக்கட்டும்.

காசு கொடுக்கும் முன்

1. என்ஜின், கம்ப்யூட்டர் பெட்டி, வயர்க்கட்டு மூன்றும் ஒரே வாகனத்தில் கழற்றியவையா என்று கேளுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாங்கினாலும், பிளக்குகள் வெட்டப்படாத வயர்க்கட்டையே வாங்குங்கள்.

2. வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். பெற்றோல் குழாயைத் திறக்குமுன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது.

3. வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பாருங்கள். மறுநாளும் பாருங்கள்.

4. காரில் தூள் வகைத் தீயணைப்பான் வையுங்கள். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

5. பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் உண்டு. என்ஜினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள்.

இத்தனைக்கும் கையில் காசு போதாதா? அப்படியானால் கார்புரேட்டரையே கழுவி, மலைக்கு ஏற்றபடி ஜெட்டை மாற்றி, பிளக்கும் ஏர் பில்டரும் புதிதாகப் போடுங்கள். அதிலேயே புகையும் செலவும் குறையும். நன்றாகப் பராமரித்த கார்புரேட்டர் கார், அரைகுறை ஈ.எப்.ஐ. காரை விட எவ்வளவோ மேல். அந்தக் காரில் போவது நம் பிள்ளைகள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.