காய்ச்சல் போன பிறகு தோலில் வருவது என்ன?

2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்குக் கொப்பளிப்பான் எப்படிப் பரவும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு கூடாரத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால், இரண்டு மூன்று கிழமைக்குள் பக்கத்துக் கூடாரத்திலும் வந்துவிடும். கொப்புளத்து நீரிலேயே வைரஸ் இருப்பதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த அனுபவத்தோடு, தோலில் எதைக் கண்டாலும் "தொற்றும்" என்று விலகி நிற்கும் பழக்கமும் எங்களிடம் தங்கிவிட்டது.

வைரஸ் தொடர்பான தோல் வருத்தங்கள் எல்லாம் கொப்பளிப்பானைப் போன்றவை அல்ல. பல தடவைகளில் வைரஸை விரட்டக் கிளம்பிய எங்கள் நோயெதிர்ப்புச் சக்திதான் தோலில் அழற்சியை உண்டாக்குகிறது. அந்தத் தடிப்பைத் தொட்டால் மற்றவருக்கு ஒன்றும் வராது.

உதட்டோரம் வரும் சிறு கொப்புளங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. அவை ஹேர்பிஸ் வைரஸின் வேலை. சிலருக்கு அது ஆறி ஒன்றிரண்டு கிழமைக்குள் கைகளில் வட்டத்துக்குள் வட்டமாக, அம்பெய்யும் இலக்குப் பலகை போன்ற சிவந்த தடிப்புகள் வரும். வைரஸின் மரபணுத் துண்டுகள் இரத்தத்தோடு தோலுக்கு வந்து சேர, வெள்ளைக் குருதிக் கலங்கள் அந்த இடத்தைத் தாக்குவதே காரணம். அடிக்கடி திரும்பி வந்தால், கைக்குக் களிம்பு பூசிக்கொண்டிருப்பதை விட உதட்டு வைரஸைக் கட்டுப்படுத்தும் குளிசையே வைத்தியருக்குக் கைகொடுக்கும்.

பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்துக் கடிப்பது இன்னும் சாதாரணம். வீட்டில் உடனே பழி விழுவது முதல் நாள் சாப்பிட்ட நண்டு, இறால் மேல். திடீரென வரும் இத்தகைய தடிப்புக்குப் பிள்ளைகளில் மிகப் பொதுவான காரணம் வைரஸ் தொற்றுத்தான். ஒவ்வொரு தடிப்பும் 24 மணித்தியாலத்துக்குள் மறைந்து வேறிடத்தில் எழும்பும். சில நாட்களில் அல்லது கிழமைகளில் எல்லாம் அடங்கிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தடிமனுக்கு அமொக்சிசிலின் கொடுத்திருந்தால், "பிள்ளைக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது" என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டுவிடும். அது ஆயுள் முழுக்கத் தொடரும். இப்படி எழுதப்பட்டவர்களைப் பின்னர் முறையாகச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு அந்த ஒவ்வாமை இருப்பதில்லை. வைரஸுக்கு வேலை செய்யாத ஒரு மருந்தைக் கொடுத்து, பிறகு அது உண்மையில் தேவைப்படும் நாளில் இல்லாமற் செய்துவிடுகிறோம். அதற்காக வீட்டிலேயே திரும்பக் கொடுத்துப் பார்க்கக்கூடாது. சோதிப்பது வைத்தியரின் வேலை.

அதிக ஒதுக்கலுக்கு ஆளாவது சொரியாசிஸ். வெள்ளைச் செதில் உதிரும் இந்த நோய் யாருக்கும் தொற்றாது. பரம்பரையாக அதற்கான தன்மை உள்ளவரிடம் ஏதோ ஒன்று தூண்டிவிட்டால் வெளிப்படும். கொவிட்டுக்குப் பிறகு சிலரில் அது கிளம்பியதும் கூடியதும் பதிவாகியுள்ளன. எச்ஐவி தொற்றில் கடுமையாகலாம். பக்டீரியாவால் வரும் தொண்டை நோவும் தூண்டும். மன அழுத்தம் அதைக் கூட்டும். காயம் பட்ட தோலிலும் தழும்பிலும் புதிதாகக் கிளம்புவது இதன் இயல்பு. ஷெல் காயத் தழும்பில் செதில் கண்டால், பழைய காயம் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டாமல் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் குளிசை முதலில் நல்ல சுகம் தரும். நிறுத்தியதும் சொரியாசிஸ் முன்னையதை விட மோசமாகச் சீறி எழலாம்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு: மூச்செடுக்கக் கஷ்டம், நாக்கு அல்லது உதடு வீக்கம், தோல் கழன்று வருதல், வாயிலும் கண்ணிலும் புண், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் டெங்கு கூடும் காலத்தில், காய்ச்சல் விட்டவுடன் வயிற்று நோவோ தொடர் வாந்தியோ வந்தால் தடிப்பைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி வைத்தியரிடம் போகும்போது மூன்று திகதிகளை எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் தொடங்கியது, மருந்து தொடங்கியது, தடிப்பு வந்தது. தடிப்பு இருக்கும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் முறை வருவதற்குள் அது மறைந்துவிடக்கூடும்.