வெயிலும் நீரும் மட்டும் போதுமா?

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் செல்லும்போதெல்லாம், வில்லிவாக்கத்தை அடுத்துள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலை நினைவுக்கு வரும். நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் அங்குதான் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. அந்த ரயில் புகையை உமிழாது; நீராவியை மட்டுமே வெளியிடும். ஆனால், அதற்கான ஹைட்ரஜன் எவ்வாறு தயாராகிறது என்பதைப் பொறுத்தே அதன் தூய்மை அமையும்.

இந்தியாவில் இன்று ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே பெறப்படுகிறது. உடன் கரியமில வாயுவும் வெளியேறுகிறது. நீரை மின்னாற்பகுப்பு செய்தும் பெறலாம். ஆனால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்சாரமின்றி, வெயிலைக் கொண்டே நீரைப் பிரிக்க இயலாதா?

இயலும் என்பதற்கு 1972-இல் வழிகாட்டியவர்கள் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும். குறைக்கடத்தியின் மீது ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் ஆக்சிஜனைப் பிரிக்கின்றன.

சிக்கல் பொருளில்தான் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய டைட்டானியம் டை ஆக்சைடு நீரில் கெடுவதில்லை. ஆனால், புற ஊதாக் கதிரை மட்டுமே ஏற்கிறது. அது வெயிலில் சுமார் 5 விழுக்காடுதான். காட்மியம் சல்ஃபைடு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்கிறது. ஆனால், அந்த ஒளியிலேயே அரித்துப்போகிறது. 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 100 சதுர மீட்டர் பரப்பில் அமைத்த ஒளிவினையூக்கித் தகடுகள், வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 விழுக்காட்டையே ஹைட்ரஜனாக மாற்றின. சூரியத் தகடும் மின்னாற்பகுப்புக் கருவியும் இணைந்தால் 10 விழுக்காட்டைத் தாண்டும்.

இதனால் இவ்வழியைக் கைவிடலாமா? கூடாது. 1954-இல் உருவான முதல் சிலிக்கான் சூரிய மின்கலத்தின் திறனும் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் 20 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. அந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருப்பது பல பத்தாண்டு ஆய்வு.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. அதில் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு ரூ.17,490 கோடி, ஆராய்ச்சிக்கு ரூ.400 கோடி மட்டுமே. மின்னாற்பகுப்புக் கருவிகளுக்கு இன்று ஊக்கம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், கெடாமலும் வெயிலை முழுமையாக ஏற்றும் உழைக்கும் பொருளை ஊக்கத்தொகை கண்டுபிடித்துத் தராது. அதற்கு ஆய்வகங்களுக்கு நிதியும், முடிவுக்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

ரயிலை நாமே உருவாக்கிவிட்டோம். அதன் எரிபொருளுக்கான நுட்பத்தையும் நாமே கண்டறிய வேண்டாமா?