கல்யாணத்துக்குப் போகும் நாளில் தண்ணீரைத் தொடாதவர்கள்... முதுகுத்தண்டு காயமும் யூரின் டியூபும்!

கல்யாணப் பத்திரிகை வந்தால் எல்லா வீடுகளிலும் முதலில் முகூர்த்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் இருப்பவரின் வீட்டில் முதல் கேள்வியே வேறு. மண்டபத்தில் டாய்லெட் எப்படி? வீல்சேர் உள்ளே நுழையுமா? வாசலில் படி இருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் முந்தின நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். காலையில் காபி கிடையாது. பந்தியில் ரசம், பாயசம் எதுவும் வேண்டாம். இவ்வளவு பாடு எதற்கு என்று, 'நீங்க போயிட்டு வாங்க' எனக் குடும்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு.

தென்னை மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து, டூ வீலர் விபத்தில் சிக்கி முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்க்கிறோம். 'எப்ப நடப்பார்?' என்றுதான் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 'யூரின் எப்படிப் போகிறார்?' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், அவர் எத்தனை வருடம் நன்றாக இருப்பார் என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

சிறுநீர்ப்பை ஒரு பலூன் மாதிரி. நிறைந்ததும் மூளைக்குச் செய்தி போக வேண்டும். மூளை 'சரி' என்றதும் பை சுருங்க, வாய்த்தசை திறக்க வேண்டும். இந்தச் செய்தி போய் வரும் வழி முதுகுத்தண்டு. அது துண்டிக்கப்பட்டால் சிலருக்குப் பை தளர்ந்து தொங்கிவிடும், சுருங்கவே சுருங்காது. வேறு சிலருக்கு இன்னொரு விதமான சிக்கல். பை தன்னிச்சையாகச் சுருங்கும், அதே நேரத்தில் வாய்த்தசையும் இறுகிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி சிறுநீரகத்தைத் தாக்கும். வலி தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. முதல் உலகப் போரின் காலத்தில் முதுகுத்தண்டில் குண்டடிபட்ட வீரர்களில் பெரும்பாலானோர் இறந்தது காயத்தால் அல்ல. சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும்தான்.

மாட்டியதோடு மறந்துவிடுவது

விபத்து நடந்ததும் மருத்துவமனையில் ஃபோலே கதீட்டர் போடுவார்கள். நுனியில் சின்ன பலூன் இருக்கும். உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றினால் டியூப் வெளியே வராது. மறுமுனை யூரின் பேக்கில். ஆரம்ப வாரங்களில் இது தேவைதான். பிரச்னை டிஸ்சார்ஜுக்குப் பிறகு. 'டியூப் மாத்திக்குங்க' என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வந்து, வருடக்கணக்கில் அதே டியூபோடு இருப்பவர்கள் ஏராளம். நீண்ட காலம் இப்படி இருந்தால் அடிக்கடி தொற்று வரும், சிறுநீர்ப்பையில் கல் சேரும், ஆண்களுக்கு டியூப் இழுத்து இழுத்து ஆணுறுப்பின் நுனியே கிழிந்துபோவதும் உண்டு.

ஃபோலேதான் வழி என்று ஆகிவிட்டவர்களின் வீட்டில் சில பழக்கங்கள் கட்டாயம். டியூபை அடிவயிற்றிலோ தொடையிலோ பிளாஸ்டர் போட்டு நிறுத்த வேண்டும். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தூக்கும்போது பலரும் பேக்கை எடுத்து அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். பேக்கில் தேங்கிய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்புகிறது. தூக்குவதற்கு முன்னால் பேக்கைக் காலி செய்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. சாதாரண லேடெக்ஸ் டியூபை 2 முதல் 4 வாரங்களுக்குள் மாற்ற வேண்டும். சிலிக்கான் டியூப் அதிகபட்சம் 12 வாரம் வரை தாங்கும். அடைப்பு வந்தால் அதற்கு முன்பே மாற்றியாக வேண்டும்.

கடிகாரம் பார்த்துச் செய்யும் வேலை

இன்னொரு வழி இருக்கிறது. 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. நோயாளியே கையை சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான டியூபை உள்ளே விட்டு, சிறுநீரை வெளியேற்றி, டியூபை எடுத்துவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும். ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை என்றார் அவர். பை அளவுக்கு மீறி உப்பும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால்தான் கிருமி ஜெயிக்கிறது. நேரத்துக்குக் காலி செய்தாலே தொற்று குறையும் என்பது அவர் வாதம். இன்று உலகம் முழுக்க முதுகுத்தண்டு காயத்துக்கு முதலில் யோசிக்கப்படும் முறை இதுதான். டாக்டர்கள் சுருக்கமாக சி.ஐ.சி என்பார்கள்.

4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு 400, 500 மி.லி-க்கு மேல் வந்தால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நோட்டில் குடித்த அளவு, வந்த அளவு இரண்டையும் ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் அவரவர் கணக்கு பிடிபட்டுவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும். ஒரேயடியாகக் குடிக்காமல் பிரித்துக் குடிக்க வேண்டும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். பட்டினி போடுவதுபோல தண்ணீரை நிறுத்துவதுதான் தப்பு. சிறுநீர் கெட்டியாகி, தொற்றும் கல்லும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதற்கான மெல்லிய டியூப் மெடிக்கல் ஷாப்பில் நெலட்டான் கதீட்டர் என்று கிடைக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 12 அல்லது 14 சைஸ். கவரில் 'ஒரு முறை மட்டும்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு டியூப், மாதத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். கூலி வேலைக்குப் போன மனுஷன் படுத்துவிட்ட வீட்டில் அது எப்படி முடியும்? அதனால் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது நம் ஊரில் சாதாரணம். அப்படிச் செய்வதானால், பயன்படுத்தியதும் உள்ளேயும் வெளியேயும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓடும் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வைக்க வேண்டும். டியூப் விறைத்தாலோ நிறம் மாறினாலோ சொரசொரப்பானாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண்கள் ஓரிரு நாள்களில் பழகிவிடுவார்கள். பெண்களுக்குத் துவாரம் கண்ணுக்குத் தெரியாத இடம். முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்து, பிறகு விரலால் தொட்டு அடையாளம் பிடிக்க வேண்டும். வீல்சேரில் உட்கார்ந்தபடி புடவையோடு இதைச் செய்வது சுலபமல்ல. கைகளும் செயலிழந்தவர்களுக்கு அம்மாவோ மனைவியோதான் செய்தாக வேண்டும். கல்யாண வயதில் இருக்கும் மகனுக்கு அம்மா நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் விடுவது இரண்டு பேருக்குமே எவ்வளவு சங்கடம் என்பதை யாரும் வெளியே பேசுவதில்லை. அந்த அம்மாவால் ஒரு துக்க வீட்டுக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அடிவயிற்றில் சின்ன துளை போட்டு நேரடியாகப் பைக்குள் டியூப் வைக்கும் முறையும் இருக்கிறது.

சிறுநீர் கலங்கினாலே, வாடை வந்தாலே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கம் இன்னொரு தலைவலி. டியூப் பயன்படுத்துபவர்களின் சிறுநீரில் எப்போதுமே கொஞ்சம் கிருமி இருக்கும். யூரின் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மருந்து தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீரென்று அதிகமாகும் கால் இழுப்பு, வழக்கத்துக்கு மாறான கசிவு இவற்றில் ஏதாவது இருந்தால்தான் சிகிச்சை. சும்மா சும்மா சாப்பிட்டால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

உடனே ஓட வேண்டிய நிலைமையும் ஒன்று உண்டு. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு டியூப் மடங்கி அடைத்துக்கொண்டால் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் என்று வரும். பக்கவாதம் வரை கொண்டுபோகும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, பேக் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் வெளியேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்; அடங்காவிட்டால் மருத்துவமனை. இவர்களின் வழக்கமான ரத்த அழுத்தமே 90, 100 என்றுதான் இருக்கும் என்பதால், அவசரப் பிரிவில் '140-தானே' என்று அலட்சியமாகச் சொன்னால், கூடப் போகிறவர்கள் முதுகுத்தண்டு காயம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேனும் அவசியம். ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் என்று மட்டும் நம்பியிருக்க முடியாது. தசை மெலிந்த உடம்பில், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அந்த எண் குறைவாகவே காட்டக்கூடும்.

இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லித்தரும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி-யின் மறுவாழ்வு நிலையம். பாகாயம் நிலையம் 1966-ல் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்.

முகூர்த்தம் 9 மணிக்கு என்றால், வீட்டிலேயே 8 மணிக்கு ஒரு தடவை டியூப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அடுத்தது 12 மணிக்கு. வீல்சேரின் பின்னால் மாட்டிய பையில் இரண்டு டியூப், ஜெல்லி, சின்ன சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், சிறுநீரைப் பிடிக்க ஒரு காலி பாட்டில், மாற்று லுங்கி. மண்டபத்து டாய்லெட்டில் வீல்சேர் நுழையாவிட்டால் மணமகள் அறையைக் கேட்டு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டால் பத்து நிமிட வேலை. பந்தியில் பாயசத்தையும் ஒரு கை பார்க்கலாம்.