தொட்டிலைத் தாண்டும் குழந்தை

கோயமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில், வெங்காயத்துக்குக் களையெடுக்கும் நாட்களில், வரப்போரத்து வேப்பமரத்தில் பழஞ்சேலைத் தொட்டில் ஒன்று தொங்குவது யாவரும் கண்ட காட்சியே. தாய் பாத்தியில் இருப்பாள். தொட்டிலை ஆட்ட ஆறேழு வயதுள்ள தமக்கை ஒருத்தி இருப்பாள். பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன சிசுவை அருகிலிருந்து பார்ப்பார் உளராயின், சிறிது நேரத்துக்கு இவ்வேற்பாடு உதவும். இதே தொட்டில் அதே சிசுவுக்கு எந்த நாளிலிருந்து உதவாமற் போகிறது என்பதைத்தான் குடும்பத்தார் கவனிப்பதில்லை. அநேக வீடுகளில் அந்த நாள், குழந்தை கீழே விழுந்த நாளாகவே அறியப்படுகிறது.

குழந்தை விழுவதற்கு அதன் குறும்பே காரணம் என்று எண்ணுவது தவறு, வளர்ச்சியே காரணம். சாதாரணமாக 4 முதல் 6 மாதங்களுக்குள் குழந்தை புரளத் தொடங்குகிறது. 6 முதல் 8 மாதங்களில் உட்காருகிறது. 9-ஆம் மாதத்தையொட்டித் தவழ்ந்து, கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ஓராண்டு நிறைவதையொட்டி நடக்கிறது. சில முந்தும், சில பிந்தும். நேற்று வரை செய்யாததை இன்று செய்துவிடுவது இப்பருவத்தின் இயல்பாதலின், புரண்ட பிறகு தொட்டிலை மாற்றலாம், நின்ற பிறகு படுக்கையைத் தாழ்த்தலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஏற்பாடு குழந்தையின் வளர்ச்சிக்கு ஒரு படி முந்தியே இருத்தல் வேண்டும்.

சில ஊர்களில் தூளி என்றும் சில ஊர்களில் ஏணை என்றும் வழங்கும் துணித்தொட்டிலுக்கு உண்மையில் சுவர் கிடையாது. குழந்தையின் பாரமே துணியைக் கீழே இழுத்து இரு புறமும் சுவராக நிறுத்துகிறது. குழந்தை மல்லாந்து கிடக்கும் வரையில் அச்சுவர் நிற்கும். ஒரு பக்கமாகப் புரண்டு கையை ஊன்றினால், பாரம் அப்பக்கம் சென்று விளிம்பு தாழ்ந்துவிடுகிறது. அப்பொழுது குழந்தை வெளியே சரிந்து விழும். அல்லது அதன் கழுத்து துணியின் மடிப்பில் அகப்படும். பின்னதே கொடிது. விழுந்த குழந்தை அழும். அகப்பட்ட குழந்தையால் அழவும் இயலாது. அன்றியும், துணியின் வளைவில் சிசுவின் மோவாய் மார்பில் அழுந்தி மூச்சு தடைப்படக் கூடும். குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வபாயம் அதிகம். ஆதலின் துணித்தொட்டிலை உபயோகிப்போர், துணியை அகலப்படுத்தும் கட்டையை இடுவதோடு, முகம் தெரியும்படி சிசுவை வைத்து, அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். தொட்டிலின் அடி தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரலாகாது. அதன் கீழே கல், கலப்பை, அரிவாள்மணை முதலியன இருத்தல் கூடாது. தூங்கிய பின் எடுத்துச் சமதளமான பாயில் மல்லாத்திக் கிடத்துவது உத்தமம். 4-ஆம் மாதம் நிறைந்ததும், அல்லது புரளுவதற்கு அறிகுறி கண்டதும், எது முந்துகிறதோ அன்றே தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும்.

அவிழ்ப்பது அவசியம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கைக்குழந்தை இறங்கிய தொட்டிலில் மூத்த பிள்ளைகள் ஏறி ஊஞ்சலாடுகின்றனர். துணியை முறுக்கிவிட்டுச் சுற்றும்போது அது கழுத்தை இறுக்கிச் சிறுவர் சிறுமியர் மாண்ட செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. உத்திரத்தில் வெறுமனே தொங்கும் சேலை வீட்டில் இருக்கத்தக்க பொருளன்று.

வசதியுள்ளோர் நாற்புறமும் கிராதி வைத்த மரத்தொட்டில் வாங்குகின்றனர். உள்ளூர் ஆசாரியைக் கொண்டு செய்விப்போரும் உளர். ஆசாரிக்குச் சொல்ல வேண்டிய அளவுகள் சிலவே. கிராதிக் குச்சிகளுக்கு இடையேயுள்ள சந்து 6 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். குச்சிகள் யாவும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். அழகுக்காகக் குறுக்குச் சட்டம் வைத்தால் அது குழந்தைக்கு ஏணியாகும். மூலைக்கால்கள் மேற்சட்டத்துக்கு மேல் குமிழாக நீண்டிருப்பின், சட்டையோ கழுத்துக் கயிறோ அதில் மாட்டிக்கொள்ளும். மந்திரித்துக் கட்டிய கயிற்றைத் தூங்கும்போது கழுத்திலிருந்து கழற்றிவைப்பதால் தெய்வக் குற்றம் நேரிடாது என்று பாட்டிமாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது தகும். மெத்தை கெட்டியாகவும், சட்டத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் நுழையாதபடி பொருந்தியும் இருக்க வேண்டும். குழந்தை உட்காரக் கற்கும் முன்பே படுக்கைப் பலகையை அடிமட்டத்துக்கு இறக்கி, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து மேற்சட்டம் வரை குறைந்தது 66 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம், இருக்கும்படி செய்ய வேண்டும்.

இவ்வளவு உயரம் எதற்கு எனில், சிசுவின் உடலமைப்பே அதற்கு விடை. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்களவே. தலைப்பாரம் மிகுந்த உடல் மார்பளவுக்குக் கீழான சட்டத்தின்மேல் சாய்ந்தால், கால் பின்னே எழும்ப, தலை முன்னே சென்று, குழந்தை தலைகுப்புறவே விழும். மெத்தைமேல் கிடக்கும் தலையணையும் பெரிய பொம்மையும் இதற்குப் படிக்கட்டாகின்றன. அவை மூக்கையும் வாயையும் மூடி மூச்சை அடைக்கவும் கூடும். ஆகையால் ஓராண்டு முடியும் வரை தொட்டிலில் குழந்தையையன்றி வேறொன்றும் வேண்டுவதில்லை. நிற்கும் குழந்தைக்கு மேற்சட்டம் மார்பளவுக்கு வந்துவிட்டாலும், குழந்தையின் உயரம் 89 சென்டிமீட்டர் ஆகிவிட்டாலும், ஒரு காலைத் தூக்கிச் சட்டத்தில் போட முயன்றாலும், மரத்தொட்டிலின் காலம் முடிந்தது.

அப்பொழுது சிலர் தொட்டிலின் மேல் வலையை இறுக்கிக் கட்டுகின்றனர். சிலர் குழந்தையின் இடுப்பில் துணியைக் கட்டிக் கிராதியோடு பிணைக்கின்றனர். இரண்டும் விழுவதினும் பெரிய ஆபத்தை, அதாவது சுருக்கிக்கொள்ளும் ஆபத்தை, உண்டாக்குவன. பெரியவர் கட்டிலில் படுக்கவைத்துச் சுற்றிலும் தலையணை அடுக்குவதும் பயனற்றது. கயிற்றுக் கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டாலோ, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்தில் குழந்தை இறங்கி அகப்பட்டுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மாற்று ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் சுருட்டிவைக்கப்பட்டிருக்கிறது. தரையில் விரித்த பாயிலிருந்து எந்தக் குழந்தையும் கீழே விழுந்ததில்லை. ஆயினும் பாயில் படுத்த குழந்தைக்கு வீடு முழுவதும் திறந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் காட்டு யானை வாழைக்குள் புகாதிருக்க எவ்வளவோ செலவழிக்கின்றனர். தவழும் பிள்ளை வெளியே போகாதிருக்க வாயிற்படியில் இரண்டரை அடி உயரத்தில் ஒரு மூங்கிற் படல் வைப்பதற்கு அரை நாள் வேலை கூட ஆகாது. தோட்டத்துச் சாளையில் குடியிருப்போருக்கு இது முக்கியம். ஏனெனில் அங்கே வாசலைக் கடந்தால் கிணறும் தொட்டியும்தான். ஒரு சாண் ஆழத் தண்ணீருள்ள வாளியில் தலைகீழாக விழுந்த குழந்தை, முன் சொன்ன தலைப்பாரத்தாலேயே, மீண்டு எழ மாட்டாது. இரவில் வாளிகளைக் கவிழ்த்துவைத்தலும், பூச்சிமருந்தையும் மண்ணெண்ணெயையும் பூட்டிவைத்தலும் படுக்கை ஏற்பாட்டின் பகுதிகளே. பாயிலிருந்து எழுந்து வரும் பிள்ளையைக் கண்டு சிரித்து விளையாடாமல், வாயடைத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கிடத்தினால், சில நாட்களில் அப்பழக்கம் பெரும்பாலும் குறையும்.

வயலுக்கு வரும் தாய்மாரின் நிலை வேறு. ஆறு வயதுத் தமக்கை காவலாளியல்லள்; அவளும் காவல் வேண்டிய குழந்தையே. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலைத்தலத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. களையெடுப்புக்குப் பத்துப் பேரை அழைக்கும் தோட்டக்காரர் ஒருவரின் கூலியை இதற்கென ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மற்றவர் வேலையும் கவலையின்றி நடக்கும்.

எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும் குழந்தை விழுந்துவிட்டால், அழுது சற்று நேரத்தில் தெளிந்து பாலுண்ணும் பிள்ளையை அன்று முழுதும் கவனித்து வந்தாற் பெரும்பாலும் போதும். ஓராண்டு நிறையாத குழந்தை தலையில் அடிபட விழுந்திருந்தால், நன்றாயிருப்பதாகத் தோன்றினும் மருத்துவரிடம் காட்டுதல் நலம். நினைவு தப்புதல், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பியும் தெளியாத மயக்கம், காது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வருதல், உச்சிக்குழி புடைத்தல், இவற்றுள் எது காணப்பட்டாலும் பற்றுப் போட்டுக்கொண்டு காலங்கடத்தாமல் 108-ஐ அழைத்துக் கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்த ஊர்தி தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது.

மரத்தொட்டில் ஒரு குழந்தைக்கு ஒன்றரை அல்லது இரண்டாண்டே பயன்படுவதால், ஒரே சங்கத்து அங்கத்தினர் ஒருவர் வீட்டிலிருந்து மற்றொருவர் வீட்டுக்கு அதைக் கொடுத்து வாங்குவது சிக்கனமே. வாங்குவோர் திருகாணிகளையும் பொருத்துகளையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கக் கிராதி மேலும் கீழும் நகரும்படி அமைந்த பழைய தினுசாயின் வேண்டாம்; அக்கிராதி கழன்று பல சிசுக்கள் சந்தில் அகப்பட்டு மாண்டதால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2011-ஆம் ஆண்டு அதன் விற்பனை தடுக்கப்பட்டது. பல் முளைக்கும் குழந்தை மேற்சட்டத்தைக் கடிக்குமாதலின் வர்ணத்தையும் விசாரிக்க வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதலே அமலுக்கு வந்தது. அதற்கு முன் வர்ணம் பூசிய தொட்டிலைச் சுரண்டிப் புதுப்பிப்பதும் கூடாது. அந்தத் தூளே விஷம். வர்ணமில்லாத வேப்பமரத் தொட்டில் இதனினும் மேல்.