களையல்ல, காய்! கரிசலில் அதலையை அடையாளம் காண்பீர்

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரக் கரிசல் காடுகளில் விதைக்காமல் விளையும் காய் ஒன்று உண்டு. அதுவே அதலைக்காய். தாவர நூலார் இதை மொமார்டிகா சிம்பலேரியா என்பர். பாகல் இனத்தைச் சேர்ந்தது. உரம் கேட்பதில்லை, வான்மழை ஒன்றே போதும். ஆனால் களை என்று எண்ணி இதை அழிப்போர் பலர். அடையாளம் தெரிந்துகொண்டால் வீட்டுக்குக் கறி. மிஞ்சினால் சந்தையில் காசு.

எங்கே, எப்போது?

ஈரம் தங்கும் கருமண், வரப்பு, ஓடைக்கரை ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். கோடையில் கொடி காய்ந்து மறைந்தாலும் கிழங்கு சாகாது. ஐப்பசி மழையில் துளிர்த்து, கார்த்திகை முதல் தை வரை காய் தரும்.

அடையாளங்கள்

இலை: வட்ட வடிவம், காம்பு சேரும் இடம் உள்வாங்கியும், ஓரம் ஆழமின்றி மடல் மடலாகவும் இருக்கும்.

பூ: சிறியது; வெளிறிய நிறம்.

காய்: சுமார் 2 செ.மீ. நீளம், இரு முனையும் குறுகியது. மேலே நீளவாக்கில் வரிமேடுகள் ஓடும். பாகலைப் போல் முள்மொட்டு இராது.

மயங்க வேண்டாம்

மிதிபாகலின் இலை ஆழமாகப் பிளந்திருக்கும். பூ நல்ல மஞ்சள். காயில் முள்மொட்டு உண்டு. இதையும் உண்ணலாம். பேய்க்குமட்டியின் காய் உருண்டை. வழவழப்பான தோலில் பட்டைகள் தெரியும். கடும் பேதியை உண்டாக்கும். வேலியில் படரும் ஐவிரலியின் இலை ஐந்து விரல்போல் பிளந்திருக்கும். உருண்டைப் பழம் சிவந்து வெள்ளைக் கோடுகளுடன் காணும். இது நச்சு. குழந்தைகளுக்குக் காட்டி எச்சரிப்பது நல்லது. ஐயமிருந்தால் பறிக்கவே வேண்டாம்.

பறித்ததும் விற்க வேண்டும்

அதலைக்காய் முற்றினால் வெடித்து விதை சிதறும். பறித்த பின்னும் அதிக நேரம் தாங்காது. எனவே இளங்காயாகக் காலையில் பறித்து அன்றே விற்பதும் சமைப்பதும் நலம். இரு முனைகளையும் கிள்ளிவிட்டுப் பொரியல், புளிக்குழம்பு வைக்கலாம். மிஞ்சியதை உப்பிட்டு வத்தல் போடலாம். பாகற்காயைவிட இதில் சுண்ணாம்புச் சத்தும், சாம்பல் சத்தும், வைட்டமின் சி-யும், நார்ச்சத்தும் கூடுதல் என்று 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. நீரிழிவுக்காரர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கிழங்கு உணவல்ல, கருச்சிதைவுக்கு அதைப் பயன்படுத்திய வழக்கம் இருந்ததால், கர்ப்பிணிகள் கிழங்கை அறவே தொடலாகாது.

கிழங்கைக் காப்பீர்

மக்காச்சோளக் காடுகளில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் களைக்கொல்லி, அதலைக்கும் எமன். கைக்களை எடுக்கும்போது கொடியைக் கிழங்கோடு பிடுங்கினாலும் மறு ஆண்டு காய் இல்லை. ஆகவே வரப்போரக் கொடிகளையாவது மருந்து படாமல் விட்டுவிட வேண்டும். மருந்து பட்ட கொடியில் காய் பறிக்கக் கூடாது.

கொடி பச்சையாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிவைத்தால், கோடையிலும் கிழங்கு இருக்கும் இடம் தெரியும். உழவில் சிக்கக்கூடிய கிழங்கை முறியாமல் தோண்டி, அடுத்த மழைக்கு முன் வரப்பில் நட்டுவிடலாம். செலவு ஒன்றுமில்லை. பயிர் பொய்த்த ஆண்டிலும் வரப்பு ஒரு காய் தரும்.