கையெழுத்து ஒருவருடையது, கை வேறொருவருடையது

1939 மே மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் வெளியான 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழின் விலை பத்து சென்ட். அதில் ஆறே பக்கங்களில் ஒரு கதை. வௌவால் போல உடையணிந்த ஒருவன், ரசாயனக் கம்பெனி ஒன்றின் பங்குதாரர்களைக் கொன்றுவரும் ஆளைத் தேடிப் பிடிக்கிறான். பேட்மேன் உலகத்துக்கு அறிமுகமானது அந்தக் கதையில்தான். முதல் பக்கத்தில் தலைப்பை ஒட்டி ஒரே ஒரு பெயர் இருக்கிறது: ராபர்ட் கேன். கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். அவர் பெயர் அந்த ஆறு பக்கங்களில் எங்கும் இல்லை. பேட்மேனை உருவாக்கியவர் என்ற இடத்தில் அந்தப் பெயர் அச்சேற 76 ஆண்டுகள் ஆயின.

அந்தக் காலத்து சூப்பர் ஹீரோ புத்தகங்களை நேசிக்கும் யாரும் இந்த விஷயத்தைக் கடந்து போய்விட முடியாது. நாம் ரசித்த படங்களும் கதைகளும் யாருடைய உழைப்பு என்பதை அந்தப் புத்தகங்களே நமக்கு மறைத்தன. சில சமயம் தவறாகவும் சொல்லின.

சூப்பர்மேன் 1938இல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டதும், பதிப்பகத்தார் அதேபோல இன்னொரு நாயகனைத் தேடினார்கள். பாப் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் கேனுக்கு அப்போது வயது 23. ஒரு வார இறுதிக்குள் ஏதாவது கொண்டுவருகிறேன் என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் முதலில் வரைந்த உருவத்தில் சிவப்பு உடை, முதுகில் விறைப்பான இரண்டு இறக்கைகள், கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி. அதைத் தன் நண்பர் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் செருப்புக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். தலையை முழுக்க மூடி, மேலே இரண்டு காதுகள் வை என்றார். கண்மணியே தெரியாமல் கண்ணை வெள்ளையாக விடச் சொன்னார். இறக்கைக்குப் பதிலாக ஓரம் வெட்டிய மேலங்கி, கைக்கு உறை, சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம் என்றார். புரூஸ் வேய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததே. கோத்தம் நகரத்தின் பெயரை அவர் பிடித்தது டெலிபோன் டைரக்டரியில் கண்ணில் பட்ட ஒரு நகைக்கடையின் பெயரிலிருந்து.

உருவத்தில் பாதியும் கதை முழுவதும் ஃபிங்கருடையது என்றால் அவர் பெயர் ஏன் இல்லை? பதிப்பகத்துடன் ஒப்பந்தம் போட்டவர் கேன் மட்டும். ஃபிங்கரைத் தன் சொந்தக் காசில் வேலைக்கு வைத்துக்கொண்டதும் அவரே. கதை எங்கே அச்சானாலும் கேன் பெயரே போட வேண்டும் என்பது உடன்பாடு. பிற்பாடு ஃபிங்கர் நேரடியாகப் பதிப்பகத்துக்கே எழுதத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை.

ஃபிங்கர் எழுதிய விதமே தனி. செய்தித்தாள், அறிவியல் பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கத்தரித்து நோட்டுப் புத்தகங்களில் ஒட்டிவைப்பார். கதையை ஓவியருக்கு அனுப்பும்போது பொருத்தமான புகைப்படங்களையும் இணைத்து அனுப்புவார். துரத்தல் காட்சி என்றால் வெறும் தெருவில் நடக்காது. ஒரு கண்காட்சிக் கூடத்தில் ஆளைவிடப் பத்து மடங்கு பெரிய டைப்ரைட்டர் நிற்கும். அதன் எழுத்துப் பொத்தான்கள் மேல் தாவித் தாவி பேட்மேன் ஓடுவான். ஓவியர்களுக்கு அவர் கதை கையில் கிடைப்பது கொண்டாட்டம். குறித்த நாளில் எழுதித் தரமாட்டார் என்ற குறை மட்டும் உண்டு. அதனால் பணமுடை அவரை விட்டு நீங்கவேயில்லை.

அவர் பெயர்தான் இல்லை, படத்தில் உள்ள கையெழுத்தாவது உண்மையா என்றால் அதுவும் பெரும்பாலும் இல்லை. 1940களிலும் 50களிலும் வந்த பேட்மேன் கதைகளின் முதல் பக்கத்தில் உருண்டையான எழுத்தில் 'பாப் கேன்' என்று இருக்கும். ஆனால் அந்த இதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒன்றில் ஜோக்கரின் தாடை நீண்டு கூராகிப் பிறைபோல வளைந்திருக்கும், பேட்மேனின் மார்பு பீப்பாய் போல அகன்றிருக்கும், பின்னணியில் ஒவ்வொரு கட்டடமும் ஜன்னல் எண்ணி வரையப்பட்டிருக்கும். அது டிக் ஸ்பிராங்கின் கை. இன்னொன்றில் கோடு எளிமையாக, உருவங்கள் கொஞ்சம் விறைப்பாக, முகங்கள் சாந்தமாக இருக்கும். அது ஷெல்டன் மோல்டாஃப். 1953 முதல் 1967 வரை கேனுக்காக மறைமுகமாக வரைந்தவர் அவர். பேட்வுமன் போன்ற பாத்திரங்கள் முதலில் உருவம் பெற்றது அவர் மேசையில். ஆனால் சம்பளம் கேனிடமிருந்து வந்ததால், பதிப்பகத்தின் கணக்கில் அவர் பேட்மேன் ஓவியரே அல்ல. ஸ்பிராங்கோ அரிசோனா, யூட்டா பக்கத்துப் பாறைப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்துகொண்டு, நியூயார்க்கிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்தார். அவர் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

27ஆம் இதழின் அட்டையையும் கவனிக்க வேண்டும். கயிற்றில் தொங்கியபடி, ஒரு கையில் குண்டர் ஒருவனைக் கழுத்தோடு இறுக்கிப் பாய்ந்து வரும் பேட்மேன். அந்தத் தோரணை, அலெக்ஸ் ரேமண்டின் 'ஃப்ளாஷ் கார்டன்' தொடரில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கட்டத்திலிருந்து எடுத்தது. உள்ளே இருக்கும் கதையின் கருவும் 'தி ஷேடோ' என்ற மலிவு நாவல் தொடரின் ஒரு கதையைத் தழுவியதே. ஃபிங்கரே அதை ஒப்புக்கொண்டார். இதைச் சொல்வது யாரையும் சிறுமைப்படுத்த அல்ல. கெடுவுக்கும் பக்கக் கூலிக்கும் நடுவே இளைஞர்கள் சிலர் கைக்குக் கிடைத்ததை வைத்து ஓட்டிய தொழில் அது. அங்கே 'தனி ஒருவர் உருவாக்கியது' என்ற ஒற்றைக் கையெழுத்துதான் பெரிய பொய்.

பொய் உடையத் தொடங்கியது வாசகர்களால். டெட்ராய்ட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ், சிறுவயதில் படித்த புத்தகங்களை எழுதியது யார், வரைந்தது யார் என்று ஆளாளாகத் தேடிக் கேட்டவர். 1965இல் ஃபிங்கரை நேரில் சந்தித்துப் பேசி, பேட்மேன் பிறந்த கதையை ரசிகர்களின் கையச்சு இதழில் எழுதினார். கேனுக்குக் கோபம் வந்துவிட்டது. பேட்மேனை உருவாக்கியது நான் மட்டும்தான் என்று நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். பெய்ல்ஸ் அசரவில்லை. 1970களில் அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர்களின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்து நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். சம்பளப் பதிவேடு எதுவும் அவர் கையில் இல்லை. கோட்டின் தடிமனையும், விரல்கள் மடங்கும் விதத்தையும், வசனத்தின் நடையையும் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பெயர்கள் அவை.

ஃபிங்கர் 1974 ஜனவரியில், நியூயார்க்கில் தன் குடியிருப்பில் தனியாக இறந்துகிடந்தார். வயது 59. அப்போது அவர் பெயர் தெரிந்திருந்தது ரசிகர்களில் ஒரு சிலருக்கு மட்டும். அநாதைப் பிணங்களைப் புதைக்கும் இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்றே நெடுநாள் நம்பப்பட்டது. உண்மையில் மகன் ஃபிரெட், தந்தையின் சாம்பலை ஆரிகான் மாநிலக் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஈர மணலில் வௌவால் வடிவில் பரப்பி அலையில் கரைத்திருக்கிறார். 1989இல் எழுதிய சுயசரிதையில் கேன், ஃபிங்கருக்கு உரிய பெயரைக் கொடுக்கவில்லையே என்று வருந்தினார். அந்த வருத்தம் காலம் கடந்து வந்தது, அதுவும் புத்தகத்தோடு நின்றுவிட்டது. 1998இல் கேன் இறக்கும்வரை பெயர் வரி மாறவில்லை.

சூப்பர்மேனின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே எழுதிய ஜெர்ரி சீகல், வரைந்த ஜோ ஷூஸ்டர் இருவர் பெயரும் ஆரம்பத்திலேயே அச்சில் இருந்தன. ஆனால் 1938 மார்ச்சில் 130 டாலருக்கு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1947இல் வழக்குப் போட்டதும் பெயரும் போயிற்று. 1975இல் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது ஷூஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போயிருந்தது. ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் பத்திரிகைகளைத் திரட்டிக் குரல் கொடுத்த பிறகு, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் பெயரும் கிடைத்தன. ராபின்சன் 17 வயதில் கேனுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். பெயரில்லாமல் வரைவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்வெல் நிறுவனத்தில் வேறு விதமான சிக்கல். 1960களில் அதன் எடிட்டரும் எழுத்தாளருமான ஸ்டான் லீ, எழுதுபவர், வரைபவர், மை தீட்டுபவர் மட்டுமன்றி எழுத்துப் பொறிப்பவர் பெயரைக்கூட முதல் பக்கத்தில் போட்டார். அதற்காக அவரை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர்கள் வேலை செய்த முறையில் 'எழுதியவர்', 'வரைந்தவர்' என்ற பிரிவே சரிப்படவில்லை. கதை என்னவென்று லீ சுருக்கமாகப் பேசுவார். ஓவியர் ஜேக் கிர்பி வீட்டுக்குப் போய் இருபது பக்கமும் காட்சி காட்சியாகத் தானே அமைத்து வரைந்து வருவார். அதன்பின் லீ வசனம் எழுதுவார். 1966 தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48ஆம் இதழுக்காகக் கிர்பி கொண்டுவந்த பக்கங்களில், வெள்ளி உடம்போடு ஒரு பலகை மேல் நின்று விண்வெளியில் பறக்கும் ஒருவன் இருந்தான். பேச்சில் அப்படி ஒரு பாத்திரமே இல்லை என்று லீயே பல முறை சொல்லியிருக்கிறார். அவன்தான் சில்வர் சர்ஃபர். அச்சில் கிர்பி வெறும் 'ஓவியர்'.

அவர் கதாசிரியரும்தான் என்பதற்குச் சாட்சி அந்த அசல் ஓவியங்களில் இருக்கிறது. அச்சுப் பக்கத்தைப் போல இரு மடங்கு பெரிய கெட்டி அட்டைகள் அவை. ஓரத்தில் பென்சிலில் கிர்பியின் கிறுக்கல்: இந்தக் கட்டத்தில் இவன் என்ன நினைக்கிறான், அவள் ஏன் திரும்புகிறாள், இப்படிப் பேசட்டும். அச்சில் அந்த ஓரம் வெட்டுப்பட்டுவிடும். அதனால்தான் அசல் பக்கங்கள் யார் கையில் இருக்கின்றன என்பது வெறும் சொத்துத் தகராறு அல்ல. 1980களில் மார்வெல் பழைய ஓவியங்களைத் திருப்பித்தர முன்வந்தபோது மற்றவர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டது. கிர்பியிடம் மட்டும் நான்கு பக்கப் படிவம். அதற்கு ஈடாக முதலில் தர முன்வந்தது 88 பக்கங்கள். அவர் வரைந்ததோ பல ஆயிரம். சக கலைஞர்கள் திரண்டு கண்டித்த பிறகு, 1987இல் சுமார் 2,000 பக்கங்கள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962 இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 அசல் பக்கங்கள் இப்போது வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. 2008இல் அவற்றைக் கொடுத்தவர் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்கள் ஏராளம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அந்தக் கதை மூலத்தில் வெளிவந்த பிரிட்டிஷ் வார இதழிலும் அவர் பெயரைப் போடவில்லை.

ஃபிங்கருக்கு விடிவு வந்ததும் ஒரு வாசகரின் பிடிவாதத்தால். மார்க் டைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் ஃபிங்கரைப் பற்றிச் சிறுவர்களுக்கான புத்தகம் எழுத ஆரம்பித்தார். வாரிசு யாரும் இல்லை என்று எல்லாரும் சொன்ன இடத்தில், முகவரி முகவரியாக, தொலைபேசி எண் எண்ணாகத் தேடி, ஃபிங்கரின் பேத்தி அதீனாவைக் கண்டுபிடித்தார். புத்தகம் 2012இல் வந்தது. பேத்தி உரிமை கேட்க முன்வந்தார். கேனின் ஒப்பந்தத்தைத் தாண்ட முடியாது என்று பல்லாண்டு சொல்லிவந்த நிறுவனம், 2015 செப்டம்பரில் ஃபிங்கரின் பெயரைச் சேர்ப்பதாக அறிவித்தது. அதன் பிறகு, பேட்மேன் உருவாக்கம் என்ற வரியில் கேனுக்கு அடுத்து ஃபிங்கரின் பெயர் வருகிறது. இருவரும் உட்கார்ந்து கதை பேசிய பிராங்க்ஸ் பூங்கா அருகே ஒரு தெருவுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வண்ணம் தீட்டியவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. 1960களின் மார்வெல் இதழ்களில் எழுத்துப் பொறித்தவர் பெயர் இருக்கும், நிறம் தேர்ந்தவர் பெயர் இருக்காது. ஸ்பைடர்மேனுக்குச் சிவப்பும் நீலமும், ஹல்க்குக்கு முதலில் சாம்பலும் பிறகு பச்சையும் பூசிய அந்த ஆண்டுகளில் அங்கே வண்ணப் பொறுப்பில் இருந்தவர் ஸ்டான் கோல்ட்பெர்க். மேரி செவெரினும் அதே வேலையைச் செய்தவர். இன்று அந்த இதழ்கள் பளபளக்கும் தாளில் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக மறுபடி மறுபடி அச்சாகின்றன. நல்ல விலைக்கும் போகின்றன. அவற்றின் பெயர்ப் பக்கத்தில் இந்த இருவரும், இவர்களைப் போல இன்னும் அடையாளம் காணப்பட வேண்டியவர்களும் இடம்பெற வேண்டும். டிக் ஸ்பிராங்குக்கும் மோல்டாஃபுக்கும் மறுபதிப்புகளில் இடம் கிடைத்துவிட்டது; இவர்களுக்கும் கொடுக்க எந்தப் பழைய ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை.