புதிய கிட்டாருக்கு வயதேற்றும் வேதியியல்

"சார், லேப்ல கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிடைக்குமா?"

படிவம் 5 மாணவர் ஒருவர் வந்து இப்படிக் கேட்டால் எந்த அறிவியல் ஆசிரியருக்கும் வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் திருமண விருந்துகளில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். வார இறுதி வேலையில் சேர்த்த பணத்தில் 600 வெள்ளிக்கு ஒரு மலிவு கிட்டார் வாங்கியிருக்கிறார். அது பளபளவென்று புதிதாக இருப்பதுதான் அவருக்குக் குறை. அறுபது ஆண்டு பழைய கிட்டார்போல் அதை மாற்ற வேண்டுமாம். உலோகப் பாகங்களை மங்கச் செய்யத்தான் அமிலம்.

அமிலம் தர மறுத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொருள் 'பழசாகிறது' என்றால் அதற்குள் உண்மையில் என்ன நடக்கிறது? அதை நாம் அவசரப்படுத்த முடியுமா? வாருங்கள், பார்ப்போம்.

பழசுக்கு ஏன் இந்த மவுசு?

பேஸ் கிட்டார் என்பது பெரும்பாலும் நான்கு தடித்த கம்பிகள் கொண்ட மின்கிட்டார். இளையராஜாவின் பாடல்களில் மெட்டுக்கு அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு ஓடும் கனத்த ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள்; அதுதான் இது. அதன் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை மட்டுமே அதிரும்.

அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மாதிரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த நிறுவனத்தின் 1950கள், 60களின் கருவிகள் இன்று சேகரிப்போர் கையில் பெரும் விலைக்குப் போகின்றன. பூச்சு உதிர்ந்து, மரம் தெரிந்து, திருகாணிகள் துருப்பிடித்த அந்தத் தோற்றமே ஓர் அழகாகிவிட்டது. 1995-இல் ஃபெண்டர் நிறுவனமே 'ரெலிக்' என்ற பெயரில், புதிதாகச் செய்து வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கிய கிட்டார்களை விற்கத் தொடங்கியது. அந்தத் தொடக்கக் காலக் கருவிகளுக்கு வயதேற்றிக் கொடுத்தவர் மிசூரி மாநிலத்தின் வின்ஸ் குனெட்டோ.

நம் மாணவர் செய்ய நினைத்ததும் இதைத்தான். ஆனால் அமிலத்துக்கு முன்பே அவர் ஒரு சோதனையில் தோற்றிருந்தார். பழைய கிட்டார்களின் பூச்சில் சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருக்கும். குளிரவைத்தால் அவை வரும் என்று யாரோ சொல்ல, கழுத்தைக் கழற்றிவிட்டு கிட்டாரின் உடலை அம்மாவின் சாப்பாட்டுக் கடை உறைபெட்டியில், கோழி இறைச்சிக்குப் பக்கத்தில், ஓர் இரவு முழுக்க வைத்திருக்கிறார். மறுநாள் கிடைத்தது அம்மாவின் திட்டு மட்டும்தான். பூச்சில் ஒரு கோடுகூட விழவில்லை.

ஏன் விழவில்லை? இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

இடியாப்பமும் மீன்வலையும்

பழைய கிட்டார்களில் பூசப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் மோட்டார் வண்டிகளுக்காகப் பரவலான பூச்சு இது. இதை அடித்ததும் கரைப்பான் ஆவியாகிப் போகும்; நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து படலமாகும். தட்டில் பிழிந்த இடியாப்பம் போல. இழைகள் பின்னிக் கிடக்குமே தவிர, ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்காது. அதனால்தான் அசிட்டோன் பட்டால் அந்தப் பூச்சு மறுபடியும் இளகிவிடும்.

இன்றைய மலிவு கிட்டார்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சுதான். இவற்றில் இழைகளுக்கிடையே வேதிப்பிணைப்புகள் உருவாகி, முடிச்சு முடிச்சாகக் கட்டிய மீன்வலைபோல் முழுப் படலமும் ஒரே வலையாக இறுகிவிடும். தடிமனும் அதிகம்.

காலம் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. நைட்ரோசெல்லுலோஸில் நெகிழ்வுக்காகச் சேர்த்த பொருள்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியேறும்; பூச்சு நொறுங்கும் தன்மை பெறும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுகளைச் சிதைத்து மஞ்சளாக்கும். பழைய வெள்ளைக் கிட்டார் பாலாடை நிறத்துக்கு மாறுவதும், நீலக் கிட்டார் பச்சை சாய்வதும் இதனால்தான். நீலத்தின் மேல் மஞ்சள் படலம் படர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது பச்சை. பாலியெஸ்டர் வலையோ அவ்வளவு எளிதில் மஞ்சளாவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. மாணவரின் உறைபெட்டிச் சோதனை தோற்றதற்குக் காரணம் அவருடைய அவசரமோ கோழியோ அல்ல. பூச்சின் இனமே வேறு.

வயதுக்கு ஓர் ஊர் உண்டு

சரி, நைட்ரோசெல்லுலோஸ் பூசிய கிட்டாரே நம்மிடம் இருந்தாலும் ஜோகூரில் அந்தக் கோடுகள் வருமா?

அமெரிக்காவின் வட மாநிலம் ஒன்றில் பனிக்காலத்தை நினைத்துப் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த வாகனத்திலிருந்து இறக்கிய கிட்டாரைச் சூடேற்றிய அறைக்குள் கொண்டுபோய் உடனே பெட்டியைத் திறக்கிறார்கள். பூச்சு ஒரு வேகத்தில் விரிகிறது, மரம் வேறொரு வேகத்தில் விரிகிறது. மரம் ஈரத்துக்கு ஏற்பவும் உப்பிச் சுருங்கும். அதுவும் நார்களின் குறுக்கே அதிகமாக, நெடுக்கே மிகக் குறைவாக. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நொறுங்கும் பூச்சு வேறு வழியின்றி வெடிக்கிறது.

நமக்கோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 முதல் 33 பாகை செல்சியஸ்தான். குளிரூட்டிய அறைக்கும் வெளிவாசலுக்கும் இடையிலான வேறுபாடுதான் நம் 'பனிக்காலம்'. நம்மிடம் ஏராளமாக இருப்பது ஈரப்பதம். ஆகவே ஜோகூரில் அறுபது ஆண்டு வாழ்ந்த கிட்டாரில் வெடிப்புக் கோடுகள் குறைவாகவும், துருவும் பூஞ்சணமும் அதிகமாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பழசாக்குவது என்றால் எந்த ஊரின் பழமை என்று முதலில் கேட்க வேண்டும். நாம் பெரும்பாலும் நகலெடுக்கப் பார்ப்பது வேறொரு நாட்டின் தட்பவெப்பத்தை.

அமிலம் வேண்டாம், ஆவி போதும்

இனி உலோகம். பழைய கருவிகளில் நிக்கல் முலாம் பரவலாக இருந்தது. காற்று, ஈரம், வியர்வை பட்டு அது மெல்ல மங்கும். இன்றைய மலிவு கிட்டார்களில் பெரும்பாலும் குரோமியம் முலாம். வெளிச்சத்தில் பாருங்கள்: சற்று மஞ்சள் சாயல் தெரிந்தால் நிக்கல், நீலச் சாயல் தெரிந்தால் குரோமியம். குரோமியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. அதனால் அது எளிதில் மங்காது. கீறல் வழியே ஈரம் புகுந்து அடியிலுள்ள இரும்பு துருப்பிடித்தால்தான் புள்ளிகள் தெரியும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதைச் சில நிமிடங்களில் சாதிக்கும். ஆனால் அதன் ஆவி நுரையீரலைப் புண்ணாக்கும். அறையிலுள்ள மற்ற இரும்புப் பொருள்களையும் சேர்த்து அரிக்கும். வீட்டில் செய்யக்கூடிய வழி சமையல் வினிகர். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிறு கிண்ணம் வினிகர் வையுங்கள். திருகாணிகளையும் சிறு உலோகப் பாகங்களையும் வினிகரில் படாமல் ஒரு வலைத்தட்டின்மேல் வைத்து மூடி, காற்றோட்டமான வெளிப்புறத்தில் வையுங்கள். அசிட்டிக் அமில ஆவியும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து வேலை செய்யும். சில மணிக்கு ஒருமுறை பாருங்கள். போதுமென்றால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். சோடா எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். வினிகரைக் குளோரின் வெளுப்பானோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிவரும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப்பை இந்த டப்பாவுக்குள் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் செம்புக் கம்பி தலைமுடி அளவே மெல்லியது, அரித்தால் கருவி ஊமையாகிவிடும்.

தேய்மானம் பொய் சொல்லாது

அடுத்து மரம். வலதுகைக்காரர் வாசித்தால் முன்கை உடலின் மேல் விளிம்பில் உரசும். இடுப்பு வார் பின்பக்கத்தில் கீறும். சுவரில் சாய்த்து வைக்கும்போது கீழ் விளிம்பு அடிபடும். பூச்சு உதிர்வது இந்த இடங்களில்தான். கை எட்டாத குழிவான இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தால் அது வாசித்ததால் வந்ததல்ல, யாரோ தேய்த்தது. ஆகவே முதலில் ஒரு மாதம் கிட்டாரை வாசியுங்கள். உங்கள் கை எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே மட்டும் தேயுங்கள்.

தேய்க்க, கடையில் 'கெர்த்தாஸ் பாசிர்' என்று கேட்டு வாங்கும் உப்புத்தாள் போதும். உலர்ந்த தூள் பறக்காமலிருக்க, பூச்சு இருக்கும் வரை தாளைச் சற்று நனைத்துத் தேயுங்கள். மரம் தெரிந்ததும் நீரை நிறுத்திவிடுங்கள், மரம் உப்பிவிடும். வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசத்தோடு செய்யுங்கள். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. எஃகுப் பஞ்சு பயன்படுத்தினால் பிக்அப்பை முன்பே கழற்றி வையுங்கள். அதன் காந்தம் இரும்புத் தூளையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

பூச்சு நீங்கியதும் உள்ளே தெரியும் மரம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். அந்தக்கால ஃபெண்டர்களில் ஆல்டர் அல்லது ஆஷ், இரண்டும் வெளிர்நிறம். நம் வட்டாரத்தில் செய்யப்படும் சில மலிவு கிட்டார்களில் செம்பழுப்பு நிற 'ஞாத்தோ' மரம் இருக்கும். இது நம் காட்டு மரம். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மின்காப்பு உறையாகப் பயன்பட்ட கட்டாபெர்ச்சா பிசினைத் தந்த 'தாபான்' மரமும் இதே குடும்பம். 1840களில் ஜோகூரின் தெமங்கோங் இப்ராஹிமுக்குச் செல்வம் சேர்த்தது அந்தப் பிசின் வணிகம். உங்கள் கிட்டாரில் செம்பழுப்பு தெரிந்தால் அமெரிக்க மரம்போல் சாயம் பூசி மறைக்காதீர்கள். அது உங்கள் மண்ணின் நிறம்.

ஒலி மாறுமா?

பூச்சைத் தேய்த்தால் பழைய ஒலி வருமா என்று மாணவர் கேட்டார். காந்தத்தின் அருகே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. மேற்பூச்சில் நான்கு கீறல் விழுந்ததை அந்தச் சுருள் அறியாது. பழைய ஒலி வேண்டுமென்றால் கம்பியை மாற்றுங்கள். மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தமது 1962 பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுக் கம்பிகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அந்த மங்கிய, உருண்டையான ஒலியில் கம்பிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஓரிடத்தில் தேய்மானம் உண்மையிலேயே உதவும். கழுத்தின் பின்புறப் பளபளப்பு நம் புழுக்கத்தில் கையோடு ஒட்டும். அதை மெல்லத் தேய்த்து மட்டாக்கினால் கை வழுக்கிச் செல்லும். மாணவருக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

பென்சிலால் ஒரு வரி

கடைசியாக ஒரு பேச்சு. பழசுபோல் செய்வது கலை. பழசு என்று சொல்லி விற்பது ஏமாற்று. அறிவியல் அதைக் கண்டுபிடித்துவிடும். புறஊதா விளக்கின்கீழ் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னர் பூசிய இடம் வேறாகத் தெரியும். ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள பாகத்தில் எண் பொறித்திருப்பார்கள். 1376614 என்றிருந்தால், 137 என்பது தயாரிப்பாளர், 66 என்பது 1966, 14 என்பது அந்த ஆண்டின் 14-ஆவது வாரம். கிட்டாரின் வயதை அதன் முகத்தில் தேடாதீர்கள், வயிற்றில் தேடுங்கள்.

அந்தக்கால ஃபெண்டர் தொழிலாளர்கள் உடலோடு இணையும் கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலால் தேதி எழுதி வைப்பதுண்டு. நம் மாணவரையும் அப்படியே எழுதச் சொன்னேன்: எந்தத் தேதியில் தேய்த்தார், எந்தப் பாகத்தை வினிகரில் வைத்தார் என்று. நாளை இந்தக் கிட்டார் இன்னொரு பிள்ளையின் சேமிப்புக்கு விலையாகும்போது, கழற்றிப் பார்த்தால் உண்மை அங்கே இருக்கும்.

எழுதிவிட்டுக் கழுத்தைப் பூட்டினார். அடுத்த வாரமே ஒரு விருந்தில் மேடையேறும்போது கிட்டார் ஒலிபெருக்கியில் இடித்து, கீழ் விளிம்பில் சில்லு ஒன்று பெயர்ந்ததாம். "சார், இது நான் செய்யல, தானா வந்தது" என்று பெருமையாகக் காட்டினார். அந்தக் கிட்டாரின் உண்மையான வயது அங்கிருந்துதான் தொடங்குகிறது.